முருங்கையில் ஏறியவர்

ஆறு கோழிகள் ராத்திரியே கொட்டகைக்குள் போய்விட்டன. ஏழாவது போகவில்லை. மஞ்சுளா முறத்தில் ஒரு பிடி கம்பை எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கூப்பிட்டபடி அதன் பின்னால் நடந்தாள். செவலைப் பெட்டை. அவரைப் பந்தலைச் சுற்றி ஓடி, தக்காளி நட்டிருந்த சிமெண்ட் சாக்குகளுக்கு நடுவில் நின்று, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குள் கட்டிலில் அவள் புருசன் குழந்தைவேல் இறந்து கிடந்தார்.

இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சனம் கூடிவிடும். சனம் கூடிவிட்டால் கோழி பிடிக்க முடியாது.

வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ராசாத்தி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மஞ்சு, வெடியாலயே அடைக்கற? கோழி யாவாரி ஆறு மணிக்கு வாரன்னானா?"

"அக்கா, இங்க வாங்க."

"இரு, வாய் கொப்பளிச்சுட்டு வாரேன்."

"அப்புடியே வாங்கக்கா. அவரு போயிட்டாரு."

ராசாத்தி எச்சிலைத் துப்பிவிட்டுப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் வேப்பம்பொடி அப்படியே இருந்தது.

"சில்லுனு கெடக்கறாரு. எப்ப?"

"தெரியலக்கா. அஞ்சு மணிக்கு எழுப்பப் போனேன்."

"ராத்திரி நல்லாத்தான இருந்தாரு?"

"நேத்துப் பொழுதோட முருங்கைல ஏறி உளுந்துட்டாரு. ஒண்ணுமில்லைன்னு எந்திரிச்சு உக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். இடுப்புதான் புடிச்சிருக்குது, தைலம் தேச்சு உடுன்னாரு. ரெண்டு இட்லி தின்னாரு."

"முருங்கைலயா? எதுக்கு?"

"காய் பறிக்க."

ராசாத்தி மரத்தைப் பார்த்தாள். முறிந்த கொம்பு தோலில் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் தொரட்டிக்கோல் சாத்தியிருந்தது. இரண்டையும் பார்த்தாள்.

"மொதல்ல இத அடைப்போம்" என்றாள். "பண்ணையில இருந்து எல்லாரும் வருவாங்க."

மஞ்சுளா கொட்டகை வாசலில் கம்பைக் கொட்டினாள். செவலை தானாக நடந்து வந்தது. கொத்திக்கொண்டே உள்ளே போனது. ராசாத்தி கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினாள். மாட்டிவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தெருவில் கதவுகள் திறந்தன.

*

இருவருக்கும் ஒரே பண்ணை. மோகனூர் சாலையில் எட்டு ஷெட் வைத்த முட்டைப் பண்ணை. மஞ்சுளா பதினோரு வருடமாக முட்டை தரம் பிரிக்கும் அறையில் இருக்கிறாள். ராசாத்தி தீவன ஷெட்டில்.

அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. நாட்டுக் கோழிக்கு வரும் நோய் ஆள் காலோடு வந்து பண்ணைக் கோழிக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஷெட்டில் ஒன்று தும்மினால் மூன்றாம் நாள் பாதி ஷெட் விழுந்துவிடும். அதனால் வீட்டுச் செருப்பு பண்ணை வாசலைத் தாண்டாது. வெளியே கழற்றிவிட்டு, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, பண்ணைச் செருப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முதலாளி ஆனாலும் அதுதான். கோழி மேயும் மண்ணை மிதித்த செருப்பை அவர் தன் காரில்கூட ஏற்ற மாட்டார் என்று டிரைவர் சொல்வான்.

விதி ரொம்ப நாளாக இருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன மாதம் நாலாவது ஷெட்டில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. செத்த கோழிகளைப் பெண்கள்தான் கூடைகூடையாக அள்ளினார்கள். பொக்லைன் குழி வெட்டியது. சுண்ணாம்பு போட்டு மூடும்வரை முதலாளி குழிமேட்டிலேயே நின்றார். மறுநாள் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினார். வீட்டில் ஓர் இறகு இருந்தாலும் வேலை இல்லை. அத்தாயி வீட்டில் மூன்று கோழி இருந்தது தெரிந்தது. அவள் பதினாலு வருடம் வேலை செய்தவள். காலில் விழுந்தாள். முதலாளி திட்டவில்லை. "எந்திரிம்மா" என்று சொல்லி, அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் ஜெயபிரகாஷ் இந்தத் தெருவில் வீடுவீடாகப் பார்க்க வருவதாக இருந்தது.

வீடு மஞ்சுளாவின் சம்பளத்தில் ஓடியது. மகள் சண்முகப்பிரியா சேலத்தில் நர்சிங் மூன்றாம் வருடம். குழந்தைவேல் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டி, முட்டி தேய்ந்து, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர். வந்த முதல் வருடம் குடித்தார். பிறகு ஒருநாள் சந்தையிலிருந்து இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்தார். குடியை விட்டதால் கோழி வந்ததா, கோழி வந்ததால் குடி போனதா என்று அவளுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. கோழி எருவைப் போட்டு அவரைக்கொடி வைத்தார், சுரை வைத்தார், பழைய சாக்கில் மண் நிரப்பித் தக்காளி நட்டார். பாத்திரம் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கீரைப் பாத்திக்குத் திருப்பினார். நாளைக்கு முப்பதாயிரம் முட்டையைக் கையில் தொட்டுவிட்டு வருகிறவளுக்கு, தன் கோழியின் முட்டையை அவித்து வைத்திருப்பார். உப்பும் மிளகும் தனியாக ஒரு காகிதத்தில் இருக்கும்.

"உங்க பண்ணை முட்டையத் தின்னா அது சுண்ணாம்பு மாதிரி இருக்குது புள்ள" என்பார்.

இந்த வாரம் இருபது கோழியை விற்றார். எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மிச்சம் இந்த ஏழு. பகலில் கைக்கு அகப்படாது. பொழுது இறங்கினால் முருங்கையில் ஏறி அடைந்துவிடும். இருட்டுக் கட்டும் நேரத்தில் கோழிக்குக் கண் தெரியாது. பழம் எடுப்பதுபோல் எடுக்கலாம்.

நேற்று அப்படித்தான் எடுத்தார். ஏணியைச் சாத்தி ஏறி, ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துக் கீழே நீட்டினார். அவள் சாக்கை விரித்துப் பிடித்தாள். ஆறு வந்தன. செவலை உச்சிக் கொம்பில் இருந்தது. ஏணி எட்டவில்லை.

"அது கெடக்கட்டும் புள்ள. கொம்பு தாங்காது. வெடியால கம்பு போட்டா தானா வரும்."

"வெடியால எங்கயாச்சும் பூந்துக்கும். யாவாரி ஆறு மணிக்கு வாரான். ஒண்ணு இருந்தாலும் இருந்ததுதான். புடிங்க."

"முருங்கை புள்ள இது."

"புடிங்கன்னா."

மேலேயிருந்து அவளைப் பார்த்தார். முகம் தெரியவில்லை. ஏணியிலிருந்து ஒரு காலை எடுத்துக் கொம்பில் வைத்தார்.

*

யாவாரி ஆறேகாலுக்கு வந்தான். அழுகைச் சத்தம் கேட்டுத் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

எட்டு மணிக்கு மோகனூரிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. குழந்தைவேலை அதற்குள் வைத்தார்கள். பெட்டியின் மோட்டார் உறுமியது. வீட்டு ஃபேன் வேகம் குறைந்தது.

வருகிறவர்கள் மாலை போட்டார்கள். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பிறகு மஞ்சுளாவிடம் வந்து குனிந்து, எப்படி என்று கேட்டார்கள்.

"முருங்கக்காய் பறிக்க ஏறுனாருங்க."

முதலில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். வாசலில் போட்டிருந்த பந்தலுக்குப் போய் உட்கார்ந்ததும் பேசினார்கள். நடுவில் இருந்தது ஒரு துணித் தடுப்புதான். எல்லாம் கேட்டது.

"முருங்கைல எவனாச்சும் ஏறுவானா? அஞ்சு வயசுப் பொடுசு ஏறாது."

"அஸ்ஸாமுக்கு ஒத்த ஆளா வண்டி ஓட்டிட்டுப் போனவருப்பா."

"அது ரோடு. இது முருங்கை."

"தொரட்டி சாத்தியே இருக்குது, பாத்தேன்."

"சாம்பாருக்கு ஆசப்பட்டு உசுர உட்டுட்டாரு மனுசன்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். வேறு யாராவது விழுந்து செத்திருந்து இதைக் கேட்டிருந்தால் குழந்தைவேலும் சிரித்திருப்பார். சாயங்காலம் வந்து அவளிடம் சொல்லியும் இருப்பார்.

பத்து மணிக்கு அவருடைய அண்ணன் கந்தப்பன் வெண்ணந்தூரிலிருந்து வந்தார். பெட்டியின் மேல் முகத்தை வைத்து ரொம்ப நேரம் அழுதார். பிறகு எழுந்து பின்பக்கம் போனார். முருங்கையின் கீழ் நின்று ஒரு சின்னக் கொம்பை இரண்டு விரலில் பிடித்தார். அது முறிந்தது. திரும்பி வந்து மஞ்சுளாவின் எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா."

"சொல்லுங்க மாமா."

"நேத்து அவன்…" கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டினார்.

"இல்லீங்க மாமா. அத உட்டு நாலு வருசமாச்சுங்க."

"எனக்குந் தெரியும். அதான் கேக்கறேன். பொறவு எப்புடி முருங்கைல ஏறுனான்? எங்கூடப் பொறந்தவன். சின்னதுல பனை ஏறுவான், புளி ஏறுவான். முருங்கைப் பக்கம் போவ மாட்டான்."

மஞ்சுளா ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் உள்பக்கம் ஈரம் படிந்திருந்தது. அவருடைய நெற்றித் திருநீறு மட்டும் தெரிந்தது.

கந்தப்பன் காத்திருந்தார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"செரி உடு. போனவனைப் பத்தி என்ன."

அவர் எழுந்து போன விதத்திலேயே, என்ன முடிவுக்கு வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட நினைத்தாள். பண்ணைப் பெண்கள் ஆறு பேர் அப்போதுதான் மாலையோடு உள்ளே வந்தார்கள்.

நண்பகலுக்குள் பந்தலில் பேச்சு மாறியிருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "திருப்பி ஆரம்பிச்சுட்டாராட்ட இருக்குது." "லாரிக்காரங்களுக்கு அது எங்க உடும்." "பாவம், அந்தப் புள்ள ஒருத்தி சம்பாரிச்சுப் போட்டு." கடைசியாகச் சொன்னது அவளைப் பற்றி. இரக்கத்தோடு சொன்னார்கள்.

*

சண்முகப்பிரியா பதினோரு மணி பஸ்ஸில் வந்தாள். அழுது முடித்து, அம்மாவின் தோளில் கை போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு மேல் எழுந்து பின்பக்கம் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. மஞ்சுளா தேடிக்கொண்டு போனாள்.

மகள் முருங்கையடியில் நின்றாள். கொட்டகைக்குள் கோழிகள் காலால் கீறும் சத்தம் கேட்டது.

"கோழிய ஏம்மா அடைச்சு வெச்சிருக்குது?"

"கூட்டத்துல மிதிபடும்."

"அப்பா மறுபடி குடிச்சாங்களா?"

"யாரு சொன்னது?"

"பெரியப்பா போன்ல பேசிட்டு இருந்தாங்க. யார்கிட்டயோ, 'இப்புடித்தான், மறுபடி தொட்டுட்டான்'னு."

"இல்ல சாமி."

"ஒரு மாசமா எங்கிட்ட வீடியோ கால்ல சரியாவே பேசல. கோழியக் காட்டச் சொன்னா, அப்பறம் காட்டறேன்னு வெச்சுட்டாங்க. அதனாலதானா?"

"குடிக்கல."

"அப்ப எதுக்கும்மா இதுல ஏறுனாங்க? இந்த மரத்துல நான் சின்னதுல ஏறப் போனதுக்கு அடிச்சாங்க. அப்பா என்னை அடிச்சது அன்னைக்கு மட்டுந்தான்."

மகள் முகத்தைப் பார்த்தாள் மஞ்சுளா. மூன்றாம் வருடம் முடிய இன்னும் ஆறு மாதம். அதற்குப் பிறகு ஒரு வருடம். சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

முன்பக்கம் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ராசாத்தி பின்வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சு, மொதலாளி."

*

முதலாளியோடு ஜெயபிரகாஷும் வந்திருந்தான். பெரிய ரோஜா மாலை. முதலாளி அதைத் தானே தூக்கிப் பெட்டியின் மேல் வைத்தார். வெள்ளைச் சட்டை, வெறுங்கால். கண்ணை மூடி நின்றார். பந்தலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். துக்க வீட்டில் வாங்க என்று சொல்லக் கூடாது என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"எப்புடிம்மா ஆச்சு?"

சண்முகப்பிரியாவின் கை அவள் தோளில் இருந்தது.

"முருங்கக்காய் பறிக்க ஏறுனாருங்க ஐயா."

தோளிலிருந்து கை எடுபட்டது.

"முருங்கைலயா" என்றார் முதலாளி. வேறு யாரையும்போல்தான் கேட்டார். பிறகு, "பாப்பா நர்சிங்தான? முடிக்கட்டும். நாமக்கல் ஆஸ்பத்திரியில எனக்கு வேண்டியவங்க இருக்கறாங்க, சொல்லி வெக்கறேன். நீ பதினாறு முடிஞ்சு வந்தாப் போதும். சம்பளம் புடிக்க வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லீட்டேன்" என்றார்.

"செரிங்க ஐயா."

அப்போது கொட்டகையில் ஒரு கோழி முட்டையிட்டது.

இட்ட கோழி சும்மா இருக்காது. கொக்கரித்தது. வீட்டைத் தாண்டிப் பந்தல்வரை கேட்டது. ஜெயபிரகாஷ் தலையைத் திருப்பினான். ராசாத்தி சட்டென்று முன்னால் வந்து, பெட்டியின் மேல் விழுந்து, "என்னப் பெத்த ராசாவே" என்று பெருங்குரலில் எடுத்தாள். உறவுமுறையில் அவள் அப்படி அழ வேண்டியவளே அல்ல. அடுத்த நொடியில் மற்ற ஆறு பண்ணைப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். காலையிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஓர் அழுகை எழவில்லை. கோழி நிறுத்தும்வரை நிறுத்தவில்லை.

முதலாளி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

*

மூன்று மணிக்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டினார்கள். வேட்டி கட்டிப் பாடையில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி முடிந்தது. கந்தப்பன் கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கினார். பறை ஓங்கியது. முதலாளி போகவில்லை. பாடை எடுக்கும்வரை இருந்து அனுப்பிவிட்டுப் போவது மரியாதை என்று வாசலோரம் நின்றார்.

"இருங்க இருங்க" என்றார் கந்தப்பன். "இன்னிக்குச் சனிக்கெழமை. கோழி எங்க?"

சனிக்கிழமை செத்தவரைத் தனியே அனுப்பினால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்வார் என்று பயம். அதற்காகப் பாடையின் காலில் உயிரோடு ஒரு கோழியைக் கட்டிச் சுடுகாட்டுவரை கொண்டுபோவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் அசையவில்லை.

"ஒரு கோழி கொண்டாங்கப்பா. குஞ்சு இருந்தாலும் போதும்."

ராசாத்தியின் சமையலறையில் பஞ்சாரத்துக்கு அடியில் நாலு கோழி இருந்தது. எதிர்வீட்டுக்காரிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டையும் எட்டுக் குஞ்சும். மூலை வீட்டில் மோட்டார் ரூமில் சேவல். ஏழு பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய புருசன்மார்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"என்ன ஊருய்யா இது. இத்தன ஊடு இருக்குது, ஒரு கோழி இல்லியா?"

"இல்லீங்க" என்றார் ஒருவர். "இங்க யாரும் வளக்கறதில்லீங்க."

"கோழியே வளக்காம ஒரு ஊரு."

முதலாளி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயபிரகாஷைக் கூப்பிட்டார். "கார எடுத்துட்டுப் போயி மோகனூர்ல ஒண்ணு வாங்கிட்டு வா." உடனே, "வேண்டாம், நீ தொடாத. வேற யாரையாச்சும் பைக்ல அனுப்பு" என்றார்.

ஒருவன் பைக்கை எடுக்கப் போனான். பிராய்லர் கட்டலாமா என்று பேச்சு வந்தது. உயிர் இருந்தால் போதும் என்றார் ஒருவர். பிராய்லருக்கு நடக்கவே தெரியாது, அது எங்கே துணைக்குப் போகும் என்றார் இன்னொருவர். பறையடிப்பவர்கள் தோலைக் காய்ச்ச உட்கார்ந்தார்கள். பாடை தூக்க வந்தவர்களில் இருவர் மஞ்சுளாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"காலைல இருந்து நின்னு கால் கடுக்குது. இதென்னடா வம்பு."

"முருங்கைல ஏறுன ஆளுக்கு வேற எப்புடி இருக்கும்."

"அவருக்கு அது முருங்கைன்னு எங்க தெரிஞ்சிருக்கும். உள்ள போயிருச்சுன்னா முருங்கையும் தேக்குத்தான்."

சண்முகப்பிரியா கேட்டாள். அவள் அப்பாவின் காலருகில் உட்கார்ந்திருந்தாள். சொன்னவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டி விலகியிருந்த இடத்தை இழுத்துவிட்டாள். பிறகு அந்தக் காலின் மேலேயே கையை வைத்துக்கொண்டாள்.

மஞ்சுளா எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா."

கந்தப்பன் திரும்பினார்.

"யாரையும் அனுப்ப வேண்டாங்க. நம்ம ஊட்டுலயே இருக்குது."

"மஞ்சு" என்றாள் ராசாத்தி.

"அவரு காய் பறிக்க ஏறலீங்க மாமா. கோழி புடிக்க ஏறுனாரு. ஊட்டுல கோழி இருக்கக் கூடாதுன்னு பண்ணையில சொல்லீருந்தாங்க. ஏழு கோழி முருங்கைல அடைஞ்சிருந்துது. ஆறு புடிச்சாச்சு. ஒண்ணு உச்சில இருந்துது."

அவள் குரல் பெரிதாக இல்லை. பறை ஓய்ந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அவரு சொன்னாருங்க, கொம்பு தாங்காதுன்னு."

"சொன்னானா?"

"சொன்னாரு. முருங்கை புள்ள இதுன்னு சொன்னாரு."

"பொறவு ஏன் ஏறுனான்?"

"நான் ஏறச் சொன்னனுங்க."

கந்தப்பன் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தார்.

மஞ்சுளா வீட்டின் ஊடாக நடந்து பின்பக்கம் போனாள். கொண்டியைத் தள்ளினாள். வெளிச்சம் பட்டதும் கோழிகள் மூலைக்கு ஓடின. குனிந்து கையை விட்டாள். எது அகப்பட்டதோ அதைக் காலைப் பிடித்துத் தூக்கினாள். கதவைச் சாத்தவில்லை. மற்றவை அவளுக்கு முன்னால் வெளியே வந்து, வழக்கம்போல் கீரைப் பாத்திப் பக்கம் போயின.

அவள் கோழியோடு முன்வாசலுக்கு வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. கருப்புப் பெட்டை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிறகை ஒருமுறை அடித்தது. ஓர் இறகு உதிர்ந்து வாசலில் விழுந்தது. கந்தப்பன் அவள் கையிலிருந்து வாங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். வாழைநாரால் பாடையின் காலில் கட்டினார். இறுகக் கட்டாமல், கால் நோகாதபடிக் கட்டினார். தேக்கு என்று சொன்னவன் முன்கொம்புக்குப் போய்த் தோள் கொடுத்தான்.

முதலாளி கோழியைப் பார்த்தார். பிறகு, தான் நின்றுகொண்டிருந்த மண்ணைப் பார்த்தார். பாடை அவரைக் கடந்தபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

*

ஆண்கள் காவிரிக்கரைக்குப் போனார்கள். பறைச் சத்தம் தெருவைத் தாண்டிச் சாலைக்கு ஏறியது. பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். பாய்களைச் சுருட்டினார்கள். உதிர்ந்த பூவைக் கூட்டிக் குவித்தார்கள். பண்ணைப் பெண்களில் ஐந்து பேர் சொல்லாமல் போய்விட்டார்கள். ராசாத்தி போகவில்லை. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து உள்ளிருந்து வாசல்வரை ஊற்றிக்கொண்டே வந்தாள்.

சண்முகப்பிரியா முன்வாசல் படலருகில் நின்றாள். காலையிலிருந்து அங்கே குவிந்து கிடந்த செருப்புகள் போய்விட்டன. ஒரு ஜோடி மட்டும் இருந்தது. பழுப்புத் தோல். புதியது.

"யாரோ உட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள் ராசாத்தி.

"மொதலாளியோடது. வாரப்ப போட்டிருந்தாரு" என்றாள் மகள். தெருமுனையைப் பார்த்தாள். ஊர்வலம் சாலையை அடைத்திருந்ததால் கார் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. "கார் இன்னும் போகல. ஓடிப் போய்க் குடுத்துட்டு வரட்டுமா?"

ராசாத்தி குடத்தைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம்" என்றாள் மஞ்சுளா.

"மறந்துட்டுப் போயிருப்பாரு."

"வேண்டாம் சாமி. கோழி மேயற மண்ணு இது."

கார் கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. சாலை காலியானதும் மோகனூர்ப் பக்கம் திரும்பிப் போனது. மஞ்சுளா குனிந்து செருப்பை எடுத்தாள். ஈரம் படாத இடமாகப் பார்த்துச் சுவரோரம் சேர்த்து வைத்தாள். ராசாத்தியின் குடத்தை வாங்கி வாசலுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.